கையில் பழைய சிடி, கடையில் புதிய ரீமாஸ்டர்: டெத் மெட்டல் ஆல்பத்தை எந்தப் பதிப்பில் மறுபடி கேட்பது?

ஆல்பம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. முப்பது ஆண்டுப் பழக்கம். எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்பது மனப்பாடம். இப்போது 'ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்ற ஒட்டுத்தாளுடன் மறுவெளியீடு வந்திருக்கிறது. வாங்குவதா, பழையதிலேயே நிற்பதா? வினைலுக்குப் போவதா, ஸ்ட்ரீமிங்கே போதுமா? அதிவேக டிரம்ஸும் உறுமல் குரலும் கொண்ட டெத் மெட்டல் இசையைக் கேட்பவர்கள் இந்தக் கேள்வியில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறார்கள். 1987-க்கும் 1995-க்கும் இடையே வந்த அடிப்படையான ஆல்பங்களில் பலவும் இன்று மூன்று நான்கு வடிவங்களில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் பழைய சிடி வைத்திருப்பவர், ஒலியை உரக்க ஏற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யாத ரீமாஸ்டருக்குப் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் எல்லா மறுவெளியீடும் அந்த வகையல்ல. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

மூல நாடா. ரீமாஸ்டர் எதிலிருந்து எடுக்கப்பட்டது? அசல் மிக்ஸ் நாடாவிலிருந்தா, அதன் நகலிலிருந்தா, முன்பே விற்ற சிடியிலிருந்தேயா? 70களிலும் 80களிலும் தயாரான நாடாக்களில் சில வகைகள் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும்; அப்படியே ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து வரும். 50 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டிய சூட்டில் பல மணிநேரம் வாட்டி எடுத்த பிறகுதான் அவற்றை ஓட்டிப் படியெடுக்க முடியும். இவ்வளவு பாடுபட்ட நிறுவனம் அதை உறையில் எழுதாமல் விடாது. மூலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் 'ரீமாஸ்டர்' என்று மட்டும் போட்டிருந்தால் ஐயப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

தொட்டது மாஸ்டரையா, மிக்ஸையா? பல ஏமாற்றங்களின் வேர் இங்கேதான். டிரம்ஸ், பாஸ், கிட்டார், குரல் ஆகியவற்றின் தனித்தனித் தடங்களை எந்த அளவில் சேர்ப்பது என்று முடிவு செய்வது மிக்ஸிங். சேர்ந்து முடிந்த இடது வலது ஒலியை மொத்தமாக எடுத்து, சமனும் உரப்பும் சரிசெய்து வெளியீட்டுக்குத் தயாராக்குவது மாஸ்டரிங். ஆகவே, மிக்ஸிலேயே பாஸ் கிட்டார் புதைந்திருந்தால் எந்த ரீமாஸ்டராலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது. மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. 2018-இல் அது ரீமாஸ்டராக வந்தபோது, இம்முறையாவது ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் கேட்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது, தொட்டது மாஸ்டரை மட்டும்தான். உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தில் உங்களை உறுத்தும் குறை எது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 'பாஸ் கேட்கவில்லை', 'ஸ்னேர் (கூர்மையாக அறையும் சிறு டிரம்) தகர டப்பா போல ஒலிக்கிறது', 'குரலில் எதிரொலி அதிகம்' என்பவை எல்லாம் மிக்ஸின் குறைகள். 'மொத்தமாக மெலிந்து கேட்கிறது', 'கீழ்த்தாயி (தாழ்ந்த ஒலிப்பகுதி) வலுவில்லை', 'சத்தம் சின்னதாக இருக்கிறது' என்பவையே மாஸ்டரிங்கால் தீரக்கூடியவை.

அடிகளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? டெத் மெட்டலுக்கு மற்ற எந்த இசையைவிடவும் இது முக்கியம் என்பது என் எண்ணம். ஒலியை உரக்க ஏற்றுவதற்கு லிமிட்டரைப் பயன்படுத்துகிறார்கள். ஒலியின் உச்சிகளை அமுக்கிவிட்டு, மிச்சத்தையெல்லாம் மேலே தூக்கிவிடும் கருவி அது. அமுங்குகிற உச்சிகள் யாருடையவை? ஸ்னேரின் தொடக்க அறை, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் முனை. நிமிடத்திற்கு 200 துடிப்பு வேகத்தில் டபுள் பாஸ் (இரண்டு கால்களாலும் கிக் டிரம்மை அடிப்பது) பதினாறாம் பங்குத் தட்டுகளாக ஓடினால் இரண்டு அடிகளுக்கு இடையே இருப்பது 75 மில்லி விநாடி. லிமிட்டர் ஓர் அடியை அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. நிதானமான ராக் பாடலில் இது அவ்வளவாக உறைக்காது. பிளாஸ்ட் பீட் என்ற இடைவிடாத அதிவேக அடியில் டிரம்ஸ் முழுவதும் கிட்டார்ச் சுவருக்குள் அமிழ்ந்து, அடியெல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். சத்தம் கூடும், தாக்கம் குறையும்.

உச்சிகளுக்கும் சராசரி ஒலிக்கும் இடையிலான இந்த வீச்சை அளக்க 'டி.ஆர்.' (டைனமிக் ரேஞ்ச்) என்ற எண் புழக்கத்தில் இருக்கிறது. 90களின் தொடக்கத்து மெட்டல் சிடிகள் பலவும் 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். உரத்த ரீமாஸ்டர்கள் 5, 6 என்று இறங்கிவிடும். எண் ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பாகாது. வினைலில் அது எப்படிப் பொய் சொல்லும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உள்ளடக்கம். பாடல் பட்டியல், டெமோக்கள், உறைப்படம், குறிப்புக் கையேடு.

கேட்கும் இடம். அமைதியான அறையா, பஸ்ஸா, காரா, தூங்கும் வீட்டில் ஹெட்ஃபோனா.

சொல்லாத செலவு. பொருளின் விலையைத் தாண்டி அது உங்களிடம் கேட்கும் கருவி, இடம், நேரம், பொறுமை.

## ஒரே பார்வையில்

| தேர்வு | அடிகளின் வீச்சு | மிக்ஸ் | சொல்லாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| முதல் சிடி பதிப்பு | பெரும்பாலும் நன்று | அசல் | தேடல், போலி, வட்டின் மூப்பு | ஒலியளவைத் திருகத் தயங்காதவர் |
| உரத்த ரீமாஸ்டர் சிடி | குறைவு | அசல் | நீண்ட நேரக் கேட்பில் காது அயர்ச்சி | இரைச்சலான இடத்தில் கேட்பவர் |
| முழு வீச்சு மறுவெளியீடு | நன்று | அசல் | ஏறத்தாழ இல்லை | ஆல்பத்தைப் புதிதாக வாங்குபவர் |
| ரீமிக்ஸ் மறுவெளியீடு | வேறுபடும் | புதியது | அசலையும் தனியாக வாங்க நேர்வது | ஆல்பத்தை நன்றாக அறிந்தவர் |
| புதிய வினைல் | மூல மாஸ்டரைப் பொறுத்தது | பெரும்பாலும் அசல் | கருவி, முள், பராமரிப்பு | ஏற்கெனவே நல்ல டர்ன்டேபிள் உள்ளவர் |
| ஸ்ட்ரீமிங் | சொல்ல முடியாது | சொல்ல முடியாது | பதிப்பு மாறிப்போவது | முடிவெடுக்கும் முன் கேட்டுப் பார்ப்பவர் |

## முதல் சிடி பதிப்பு

80களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் சிடிக்கு மாஸ்டரிங் செய்தவர்கள் உரப்புப் போட்டியில் இறங்கவில்லை. நாடாவில் இருந்ததை ஏறத்தாழ அப்படியே மாற்றினார்கள். அதனால் இந்த வட்டுகளை இன்றைய சிடி ஒன்றுக்குப் பின் போட்டால் ஒலி சிறுத்துக் கேட்கும். அது குறையே இல்லை. 16 பிட் சிடியில் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு இருக்கிறது. டெத் மெட்டல் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. ஒலியளவை ஏற்றினால் போதும். ஸ்னேர் அறைவது தெரியும்.

எல்லா முதல் பதிப்பும் தங்கம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வினைல் வெட்டுவதற்காகக் கீழ்த்தாயியைக் குறைத்துத் தயாரித்த நாடாவையே சிடிக்கும் பயன்படுத்திய சிறு நிறுவனங்கள் உண்டு. அப்படிப்பட்ட வட்டு உண்மையிலேயே மெலிந்துதான் ஒலிக்கும். ஒலியளவை எவ்வளவு ஏற்றினாலும் எலும்புதான் பெரிதாகும்.

சொல்லாத செலவுகள் இங்கே கொஞ்சம் கூடுதல். முதல் பதிப்பு இன்று பழைய சரக்குச் சந்தையில்தான் கிடைக்கும். அரிதானவற்றுக்குப் போலிகள் உலவுகின்றன. அதே அட்டை, அதே பட்டியல் எண் கொண்ட பிந்தைய அச்சையும் முதல் பதிப்பு என்று விற்றுவிடுவார்கள். வட்டின் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். வட்டின் ஆயுளும் ஒரு கேள்விதான். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் ஒரு பகுதி, மேற்பூச்சு உறைக் காகிதத்தின் கந்தகத்தைத் தாங்காததால் ஓரத்திலிருந்து பழுப்பேறிக் கெட்டுப்போனது. அந்த ஆண்டுகள் டெத் மெட்டலின் பொற்காலத்தோடு அப்படியே பொருந்துகின்றன என்பது வேடிக்கையான கொடுமை. வாங்கிய அன்றே கணினியில் இழப்பில்லாத கோப்பாகப் படியெடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பழைய வட்டுக்கு நீங்கள் தரும் பணத்தில் இசைக்குழுவுக்கு ஒரு காசும் போகாது. அது உங்களை உறுத்துமானால் மறுவெளியீட்டின் பக்கம் சாய அதுவே போதுமான காரணம்.

## உரத்த ரீமாஸ்டர்

90களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் இறுதிவரை வந்த மறுவெளியீடுகளில் பெரும்பகுதி இந்த வகை. கடையில் இரண்டு வரி கேட்டவுடன் 'அடேயப்பா' என்று தோன்றும். மனிதக் காது உரத்ததைச் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. மூன்றாவது பாடலில் காது அயரும். ஆல்பத்தை முடிக்காமல் நிறுத்துவோம், காரணம் என்னவென்றும் தெரியாது.

லிமிட்டரைவிட என்னை எரிச்சலூட்டுவது சமனில் கைவைப்பது. ஸ்வீடன் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் தோமஸ் ஸ்கோக்ஸ்பெர்கின் கையில் உருவானது. அதன் ரம்பம் அறுக்கும் கிட்டார் ஒலிக்குக் காரணம் பாஸ் (Boss) என்ற கருவி நிறுவனத்தின் எச்.எம்-2 என்ற டிஸ்டார்ஷன் பெடல்; அதன் திருகுகளையெல்லாம் கடைசிவரை முறுக்கிவிட்டு வாசித்தார்கள். அந்த ஒலியில் மேல் இடைத்தாயி (நடுத்தர ஒலிகளின் மேற்பகுதி) ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. 'தெளிவு' வேண்டுமென்று மாஸ்டரிங்கில் அதே பகுதியை இன்னும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் ரம்பம் கண்ணாடியைக் கீறத் தொடங்கிவிடும். நாடாவின் இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓடவிடுவதும் இதே போன்ற வேலை. இரைச்சலோடு சேர்த்து சிம்பலின் வால் பகுதியையும் தின்றுவிடும்.

ஆனாலும் இதற்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடும் காரிலும் பஸ்ஸிலும் இரைச்சல் ஒலியின் அடிப்பகுதியை மூடிவிடுகிறது. அங்கே வீச்சு குறைந்த மாஸ்டர் தொடர்ந்து காதில் விழும், பழைய சிடியின் மென்மையான அறிமுகப் பகுதிகள் காணாமல் போகும். உங்கள் கேட்பில் முக்கால் பங்கு பயணத்தில் என்றால் உரத்த ரீமாஸ்டரே நடைமுறைக்கு ஏற்றது. பழைய சிடி மேலே சொன்ன 'எலும்பு' வகை என்றாலும் இதுவே மேல்.

## முழு வீச்சு மறுவெளியீடு

உரப்புப் போட்டிக்கு எதிர்வினையாக வந்த வகை இது. நல்ல மூலத்திலிருந்து, லிமிட்டரை மிகக் குறைவாகப் பயன்படுத்தி, அல்லது பயன்படுத்தாமலேயே, புதிதாக மாஸ்டரிங் செய்வது. இங்கிலாந்தின் இயரேக் நிறுவனம் 'ஃபுல் டைனமிக் ரேஞ்ச்' என்ற பெயரில் ஒரு வரிசையே வெளியிட்டது. நேபாம் டெத்தின் 'ஸ்கம்' (1987), மோர்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' (1989), மேலே சொன்ன 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆகியவை அதில் உண்டு.

ஆல்பம் கையில் இல்லாதவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். இரண்டாவது யோசனைக்கே வேலை இல்லை. பழைய சிடி இருப்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறிது: கொஞ்சம் திடமான கீழ்ப்பகுதி, பிசிறு குறைந்த சிம்பல். அந்தச் சிறிதுக்காக வாங்குவதா என்பது ஆல்பம் உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. நான் வாங்குவேன், எல்லோரும் வாங்க வேண்டுமென்று சொல்ல மாட்டேன்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இதே மாஸ்டரை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பாகக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். 80களின் இறுதியில் பல ஸ்டுடியோக்கள் முடித்த மிக்ஸை டாட் என்ற டிஜிட்டல் நாடாவில் இறக்கின. அது 16 பிட். மாதிரி வீதம் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட மூலத்திலிருந்து எடுத்த 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் கூடுதலாக இருப்பது கோப்பின் எடை மட்டுமே. மூலம் அனலாக் நாடா என்று தெரிந்தால் ஒழிய அந்தக் கூடுதல் பணத்தைத் தர வேண்டாம்.

## ரீமிக்ஸ் மறுவெளியீடு

மற்ற எல்லா வகைகளையும்விட இங்கேதான் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். தனித்தனித் தடங்கள் இருக்கும் நாடாவுக்கே திரும்பிப்போய் ஆல்பத்தை மறுபடி சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இது பழைய ஆல்பத்தின் மேம்பட்ட நகல் ஆகாது. அதே வாசிப்பின் மீது வேறொருவர், வேறொரு காலத்தில் எடுத்த முடிவுகள் இவை.

டெத் குழுவின் 'ஹ்யூமன்' (1991) இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு. குழுத் தலைவர் சக் ஷுல்டினரும் ஸ்காட் பர்ன்ஸும் தயாரித்த அந்த ஆல்பம் ஃபுளோரிடாவின் டம்பாவில் உள்ள மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ஷான் ரைனர்ட் டிரம்ஸ், பால் மாஸ்விடல் கிட்டார், ஸ்டீவ் டி ஜார்ஜியோ பாஸ். இவ்வளவு பெரிய கைகள் ஒன்றுசேர்ந்தும், அசல் மிக்ஸில் டி ஜார்ஜியோவின் பாஸை உற்றுக் கேட்டால்தான் பிடிக்க முடியும். 2011-இல் ரிலாப்ஸ் நிறுவனம் மறுவெளியீடு செய்தபோது, மோரிசவுண்டின் ஜிம் மோரிஸ் அதை முழுவதும் ரீமிக்ஸ் செய்தார். பாஸ் மேலே வந்தது. கிட்டார்களுக்கு அடியில் இப்படியொரு ஓட்டம் இத்தனை காலமாக ஒளிந்திருந்ததா என்று கேட்டவர்கள் வியந்தார்கள். அதே நேரத்தில் டிரம்ஸின் நிறம் மாறியது. 1991-இன் அந்த வறண்ட, நெருங்கிய இறுக்கம் தளர்ந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. ஒரு தரப்பின் காது பாஸில் இருக்கிறது, மறு தரப்பின் காது ஸ்னேரில். இரண்டு தரப்பும் சரிதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் முதன்முறை 'ஹ்யூமன்' கேட்கும் ஒருவருக்கு அசலைத்தான் கொடுப்பேன். அந்த ஆல்பத்தின் குளிர்ந்த கடுமை அந்த மிக்ஸில்தான் இருக்கிறது.

கூட இரண்டாவது வட்டில் வரும் டெமோக்களும் பாடகர் குரல் சேர்வதற்கு முந்தைய அடித்தடங்களும் இந்த மறுவெளியீட்டின் இன்னொரு வலு. ரைனர்ட்டின் டிரம்ஸை ஆராய விரும்பும் வாசிப்பாளர்களுக்கு அவை மட்டுமே விலைக்கு ஈடு. 2001-இல் ஷுல்டினரும் 2020-இல் ரைனர்ட்டும் மறைந்துவிட்ட நிலையில், அந்தப் பதிவறையின் உள்ளே எட்டிப் பார்க்க வேறு வழியும் அதிகம் இல்லை.

கைவைப்பது எல்லை மீறியதற்கும் மெட்டல் உலகில் சான்றுகள் உண்டு. ஓசி ஆஸ்போர்னின் முதல் இரண்டு ஆல்பங்களின் 2002 பதிப்பில் அசல் பாஸையும் டிரம்ஸையும் நீக்கிவிட்டு வேறு கலைஞர்களை வைத்து மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். எதிர்ப்பு ஓயவில்லை, 2011 பதிப்பில் அசல் தடங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2004-இல் மெகாடெத்தின் பழைய ஆல்பங்களைக் குழுத் தலைவர் டேவ் மஸ்டேன் ரீமிக்ஸ் செய்தபோது, 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தின் சில பாடல்களில் குரலையே புதிதாகப் பாடிச் சேர்க்க வேண்டியிருந்தது. இவை டெத் மெட்டல் இல்லைதான். ஆனால் 'ரீமாஸ்டர்' என்ற ஒட்டுத்தாளுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. உறையின் பின்புறம் சிறிய எழுத்தில் 'ரீமிக்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய வட்டை விற்றுவிடாதீர்கள்.

## புதிய வினைல்

1987 முதல் 1991 வரையிலான ஆல்பங்களுக்கு வினைல் இயல்பான வடிவம். பெரும்பாலும் 35 முதல் 40 நிமிடம். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 'ஹ்யூமன்' மொத்தமே 34 நிமிடத்தை ஒட்டியது. பக்கம் குறுகியதாக இருந்தால் பள்ளத்தை அகலமாக வெட்டலாம், ஒலி திடமாக வரும். அதே ஆல்பத்தில் போனஸ் பாடல்களையும் திணித்து ஒரே தட்டில் அடைத்திருந்தால் ஒலியளவும் கீழ்த்தாயியும் குறையும்.

பலர் ஏமாறும் இடம் டி.ஆர். எண்தான். ஒரே மாஸ்டரை சிடியிலும் வினைலிலும் அச்சிட்டாலும், வினைலிலிருந்து படியெடுத்து அளந்தால் எண் கூடுதலாகத்தான் வரும். வெட்டும்போதும் முள் ஓடும்போதும் ஒலியின் உச்சிகள் இடம் மாறுவதால் அளவி அப்படிக் காட்டுகிறது. அமுங்கிய ஸ்னேர் ஒன்றும் உயிர்த்தெழுந்துவிடவில்லை. 'சிடியில் 6, வினைலில் 11' என்று எங்காவது படித்தால், வினைலுக்குத் தனி மாஸ்டர் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வினைலுக்கென்று தனியாக மாஸ்டரிங் செய்ததாக உறையில் எழுதியிருக்கிறதா என்பதே கேள்வி.

வடிவத்தின் எல்லைகளும் டெத் மெட்டலைத்தான் அதிகம் கடிக்கும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க முள் கடக்கும் தூரம் குறைவதால் மேல்தாயி பிசிறும். பக்கத்தின் கடைசிப் பாடலில் சிம்பல்கள் எரிந்துகொண்டே இருக்கும் இசையில் அது அப்பட்டமாகத் தெரியும். டர்ன்டேபிள், நல்ல முள், சில நூறு மணிநேரத்திற்கு ஒருமுறை முள் மாற்றம், தூசு துடைப்பு என்று செலவும் உழைப்பும் நீளும். இவை எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டுமே வினைலை ஒலிக்காகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒலியைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு, அதை நான் கேலி செய்ய மாட்டேன். 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்', 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' இரண்டின் அட்டையையும் வரைந்தவர் டான் சீக்ரேவ். அந்தப் படங்களின் முகங்களும் வேர்களும் சிடி உறையில் வெறும் கறையாகச் சுருங்கிவிடும். பன்னிரண்டு அங்குல அட்டையில்தான் அவை ஓவியம். ஆனால் பாடல் பட்டியலைச் சரிபாருங்கள். 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' முதலில் வந்தபோது கடைசி இரண்டு பாடல்கள் சிடிக்கு மட்டுமானவை. 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' அசல் வினைலிலும் சிடியில் இருந்த ஒரு பாடல் கிடையாது. சிடியோடு வளர்ந்தவருக்கு, பழகிய பாடல் வர வேண்டிய இடத்தில் வேறொன்று தொடங்கும்போது காலிடறும்.

## ஸ்ட்ரீமிங்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் உரிமையாளர் நிறுவனம் கடைசியாகத் தந்த மாஸ்டரே இருக்கும். எது என்று சொல்ல மாட்டார்கள். ஒருநாள் சொல்லாமலே மாற்றியும் விடுவார்கள். நேற்று கேட்ட மிக்ஸ் இன்று இல்லை என்று யாரிடமும் முறையிட முடியாது.

ஆனால் ஒரு நன்மை தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. இந்தச் சேவைகள் எல்லாப் பாடல்களின் உரப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான மட்டம் -14 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு), ஆப்பிள் மியூசிக்கில் -16. அந்த அமைப்பு இயங்கும்போது -8-இல் மாஸ்டர் செய்த ரீமாஸ்டர் ஸ்பாட்டிஃபையில் ஆறு டெசிபல் கீழே இறக்கப்படும். பழைய மாஸ்டர் ஏறத்தாழ அப்படியே நிற்கும். உரப்பு என்ற ஒரே ஆயுதம் பறிபோனதும் உரத்த ரீமாஸ்டர் தட்டையாகவும் சோர்ந்தும் ஒலிப்பதை நீங்களே கேட்கலாம். இரண்டு பதிப்புகளும் சேவையில் இருக்கும் ஆல்பம் ஒன்றை எடுத்து அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நான் மேலே எழுதிய பத்திகளைவிட அது வேகமாகப் புரியவைக்கும்.

## வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பது எப்படி

ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு ஒப்பீடே ஆகாது. கணினியில் உள்ள கோப்புகளானால் ரீப்ளேகெய்ன் போன்ற வசதி சமப்படுத்திவிடும். இல்லையென்றால் காதால் முடிந்தவரை சமமாக்குங்கள். பிறகு ஆல்பத்தின் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, டபுள் பாஸும் கிட்டாரும் ஒன்றாகப் பொழியும் உச்ச வேகப் பகுதி: ஸ்னேர் தனியாக அறைகிறதா, கிட்டாருக்குள் கரைகிறதா? மற்றொன்று, வேகம் தணியும் பகுதி. 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' தலைப்புப் பாடலின் பின்பாதி இதற்கு மிகப் பொருத்தம்: சிம்பல் இயல்பாக அடங்குகிறதா, பாதியில் அறுந்துபோகிறதா? இரண்டிலும் வேறுபாடு தெரியவில்லை என்றால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

## மூன்று ஆல்பங்களுக்கு என் தேர்வு

'லெஃப்ட் ஹேண்ட் பாத்': பழைய சிடி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முழு வீச்சு சிடி. அட்டைக்காக வினைல் வாங்குபவர்கள் பாடல் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்': இதில் கிக் டிரம் மெலிந்திருப்பதாகப் பலர் குறைபடுகிறார்கள். அது மிக்ஸின் இயல்பு. எந்த ரீமாஸ்டரும் அதைத் தடித்ததாக்கப் போவதில்லை. டிரம்ஸ் வாசித்த பீட் சாண்டோவலின் வேகத்துக்கு வீச்சுதான் உயிர் என்பதால் இங்கும் முழு வீச்சு பதிப்பையே சொல்வேன். உரத்த பதிப்பு எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

'ஹ்யூமன்': இரண்டு வாங்கலாம் என்று நான் சொல்லும் ஒரே ஆல்பம். 2011-க்கு முந்தைய சிடி ஒன்று, ரிலாப்ஸின் ரீமிக்ஸ் ஒன்று. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், நீங்கள் பாஸ் வாசிப்பவரானால் ரீமிக்ஸ். மற்ற எல்லோருக்கும் பழைய சிடி, அதுவும் அதன் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு.